வைக்கோல் வீட்டு மகளுக்கு

மகள்,

உன்னைப் பார்க்க வருவதற்கு முன்னால் உன் வீட்டைப் பார்க்க வருவார்கள். விரலை மடக்கிச் சுவரில் தட்டுவார்கள். குதிக்காலால் நிலத்தை அழுத்திப் பார்ப்பார்கள். அண்ணாந்து கூரை மரத்தின் பருமனை அளப்பார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான், தேத்தண்ணி குடித்துக்கொண்டே, பிள்ளை என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பார்கள். உனக்கு இப்போது நான்கு வயது. நீ வளர்ந்து, உன்னைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசும் காலம் வரும்போது படிப்பதற்காக இதை எழுதுகிறேன். அப்போது நான் பக்கத்தில் இருந்தாலும் இவ்வளவையும் வாயால் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நம்பிக்கையில்லை. எழுத்தில் எனக்கு இருக்கும் துணிவு வாயில் இல்லை. இரண்டொரு தடவை மட்டும் இருந்திருக்கிறது. அந்தத் தடவைகளைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நாவற்குடாவிலிருந்து மாமி, அதாவது உன் அப்பாவின் அம்மா, வந்திருந்தா. உனக்குச் சட்டை கொண்டுவந்தா, மடியில் வைத்துச் சோறு தீத்தினா. பிறகு உன் அப்பாவைப் பார்த்து, "மகன், பொம்புளப் புள்ளைக்கு இப்பவே தொடங்கினாத்தான் சரிவரும். இந்த வைக்கல இடிச்சுப்போட்டு ஒழுங்கான கல்வீடு ஒண்டு போடு. ஒன்ட மச்சான் கட்டார்லதானே நிக்கான், கதைச்சா ஒன்னையும் அங்க எடுப்பான்" என்றா. உன் அப்பா அண்ணாந்து கூரை முகட்டைப் பார்த்தார். 'ஓம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. நீ அந்த நேரம் ஜன்னல் படியில் படுத்துக் கிடந்தாய். நம் சுவர்கள் ஒரு கை நீளத் தடிப்பு. ஜன்னல் படி உனக்குக் கட்டில். வெளியே வெயில் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே, விசிறி இல்லாமலே, உன் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் மாமிக்கு நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது உனக்குப் புரிய வேண்டுமானால் முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண் பிறந்தால் வீடு. நான் வந்தாறுமூலையில் கம்பஸில் படித்தபோது ஒரு விரிவுரையாளர் இதைப் பெரிதாகப் புகழ்ந்தார். சொத்து பெண்ணின் கையில் இருக்கும் சமூகம், நாம் பெருமைப்பட வேண்டும் என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கம்பஸ் படலையைத் தாண்டியவள் நான். எழுந்து பேசுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பேசத் தெரிந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: அந்த வீட்டை யார் கட்டுகிறார்கள், சேர்?

என் அக்காவின் வீடு செங்கலடியில் நிற்கிறது. ஆனால் அது குவைத்தில், யாரோ ஒருவருடைய குசினி அடுப்படியில் கட்டப்பட்டது. நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அம்மா அங்கே வீட்டு வேலைக்குப் போனா. அப்பா வயல் வேலை செய்பவர். அவர்தான் எங்களுக்குச் சமைத்தார், எனக்குத் தலை பின்னிவிட்டார். வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. சில வருசம் கழித்து அம்மா திரும்பி வந்த அன்று நான் அப்பாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். வந்தவவைக் காட்டி, "இவ எப்ப போவா?" என்று அக்காவிடம் கேட்டேன். அது அம்மாவின் காதில் விழுந்தது. அவ பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு பொம்மையை எடுத்துத் தந்தா. அது கண்ணை மூடித் திறக்கும் பொம்மை. நான் அதை எடுத்து விளையாடவேயில்லை.

நான் பட்டம் எடுத்தேன். அரச வேலை நியமனம் வரவில்லை. கல்யாணப் பேச்சு வந்தது. நாவற்குடா மாப்பிள்ளை, நல்ல குடும்பம், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, கல்வீடு மட்டும் இருந்தால் போதும் என்று தரகர் சொன்னார். எங்களிடம் அம்மா வழியில் வந்த வளவுத்துண்டு ஒன்று வாவிக் கரையை அண்டி இருந்தது. அதில் இரண்டு தென்னைகளும் ஒரு கிணறும். அடுத்த நாளே அம்மா கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போனா. முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, "ரெண்டே வருசம் புள்ள. கண்ண மூடித் திறக்க முடிஞ்சிரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னா. எனக்குக் கல்யாணத்தில் மறுப்பு இருக்கவில்லை. அம்மா போகக்கூடாது. அது ஒன்றுதான் எனக்கு இருந்த ஆசை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த நாட்களில்தான் கம்பஸ் மதிலில் ஒரு அறிவித்தலைக் கண்டேன். வைக்கோல் கட்டுகளால் வீடு கட்டப் பழகும் செயலமர்வு, வாகரை வீதியில் ஒரு கிராமத்தில், பாலர் பாடசாலைக் கட்டடம் ஒன்றைக் கட்டிக்கொண்டே பழகலாம் என்று இருந்தது. நான் நின்று இரண்டு தரம் வாசித்தேன். அறுவடை முடிந்தால் எங்கள் வயல் வட்டை முழுக்க வைக்கோலுக்கு நெருப்பு வைப்பார்கள். அந்தப் புகைக்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறேன். எரிக்கிற சாமானில் சுவர் எழுப்பலாமா என்று பார்க்கப் போனேன். வீட்டில் வேலைக்கான பயிற்சி என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல.

அங்கே பயிற்சி தந்தவ றிஸ்னா. ஏறாவூரைச் சேர்ந்தவ, என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் ஊராகப் போய்ச் சுவர் கட்டிக்கொண்டிருந்தா. வந்தவர்களில் அரைவாசி வாகரைப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண்கள், மற்றவர்கள் என்னைப் போல வேலை தேடுகிறவர்கள். எழுதிப் பழகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. முதல் வேலையே வைக்கோல் கட்டை மணந்து பார்ப்பது. "மூக்க உள்ள விடு புள்ள, வெக்கப்படாத. நனைஞ்ச நாய் மணம் வந்தா வேணாம். வெயில் மணம் வந்தா எடு" என்றா றிஸ்னா. கட்டுக்குள் கையை நுழைத்து நெல்மணி இருக்கிறதா என்று தடவ வேண்டும். மிச்சமிருந்தால் "எலிக்குக் கலியாண வீடுதான்." முதலில் இடுப்பளவு உயரக் கருங்கல் அத்திவாரம், பிறகு கூரை, அதற்குப் பிறகுதான் சுவர், மழை தொடாத இடத்தில் வைக்கோல் நிற்க வேண்டும். செங்கல் அடுக்குவது போல, ஒரு கட்டின் மூட்டு மேல் கட்டின் நடுவுக்கு வருமாறு அடுக்கி, மூங்கில் தடியை மேலிருந்து இறக்கி எல்லாவற்றையும் கோர்த்துவிட வேண்டும். பிறகு புற்றுமண், மணல், நறுக்கிய வைக்கோல் மூன்றையும் காலால் மிதித்துக் குழைத்துக் கையால் பூச வேண்டும். மண் பூச்சு ஈரத்தை வாங்கித் திரும்ப வெளியே விடும். சீமெந்து பூசினால் உள்ளே போன ஈரம் திரும்பி வராது. வைக்கோல் உள்ளேயே அழுகிப்போகும். இதை றிஸ்னா எங்களைக் கொண்டு திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தா.

மகள், நான் அங்கே ஒன்றைக் கண்டுபிடித்தேன். பேசத் தெரியாதவர்களுக்கும் கூட்டத்தில் இடம் இருக்கிறது, கூட்டத்துக்கு ஒரு வேலை இருந்தால். பக்கத்தில் நின்று மண் மிதிக்கிற பெண் என் தோளைப் பிடித்துக்கொள்வாள், நான் அவளுடையதை. வழுக்கினால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம். ஒருவரும் என்னிடம் 'ஏன் கதைக்கிறாயில்லை' என்று கேட்கவில்லை. அவர்களுக்கு ஒரு ஏற்பாடும் இருந்தது. பழகியவர்களில் ஒருவர் தன் வளவில் அத்திவாரமும் கூரையும் போட்டு வைத்தால், அடுத்த செயலமர்வு அங்கே நடக்கும். வீட்டுக்காரர் சோறு போட வேண்டும். அதோடு, மற்றவர்கள் வீட்டுக்கும் போய்க் கை கொடுக்க வேண்டும். கடைசி நாள் றிஸ்னா, "அடுத்தது ஆர்ட வளவு?" என்று கேட்டபோது மண் காய்ந்த என் கை மேலே போயிருந்தது. "அல்லாவே, இந்தப் புள்ளைக்கு வாயும் இரிக்கா எண்டு பாப்பம். எந்த ஊர், சொல்லு!" எல்லோரும் சிரித்தார்கள். நான் ஊரைச் சொன்னேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பாட்டுக் கோப்பையை நிலத்தில் வைத்தார். "கம்பஸ் படிச்சது இதுக்கா?" என்று கேட்டார். அம்மாதான், "அவள் ஒண்டையும் கேட்டதே இல்ல. கேக்கட்டும். சரிவரல்ல எண்டா நான் போறன்தானே" என்றா. எல்லாம் அந்தக் கடைசி வசனத்தில்தான் இருந்தது. வைக்கோல் வீட்டை மாப்பிள்ளை பக்கம் ஒரு வீடாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அம்மா பிளேன் ஏறுவா. கடவுச்சீட்டு ஏஜென்சிக்காரரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்பா முறுகிக்கொண்டே அத்திவாரம் வெட்டினார். மாமாமார் வந்து கூரை மரம் ஏற்றினார்கள். பெரும்போக அறுவடை முடிந்ததும் எரிக்க இருந்த வைக்கோலை மெஷினில் கட்டுகளாக்கிக் கொண்டுவந்தோம். பிறகு எல்லோரும் வந்தார்கள். வாகரைப் பெண்கள் கருவாடு கொண்டுவந்தார்கள். அம்மா பெரிய பானையில் சோறு வடித்தா. ஊரே வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. "பட்டம் எடுத்த புள்ள சேத்துக்க நிக்காள்", "ஒரு நெருப்புக்குச்சி காணும், எல்லாம் எரிஞ்சிரும்", "மாப்பிள்ளைக்குப் புண்ணாக்கும் வைப்பாங்களோ?" ஒரு நாள் றிஸ்னா வேலிக்குப் போய், மண் பூசிக் காய்ந்த ஒரு கட்டை அவர்கள் முன் வைத்து, "வைங்க நெருப்பு" என்று நெருப்புப் பெட்டியை நீட்டினா. வைத்தார்கள். மண் கறுத்தது. பெட்டியில் குச்சி முடிந்தது. ஆட்கள் கலைந்தார்கள். ஆனால் அப்பாவின் காதுக்குள் போனது வெளியே வரவில்லை. தேத்தண்ணிக் கடையில் "மாட்டுக்கொட்டில் முடிஞ்சுதா?" என்று கேட்கிறவர்களுக்கு நெருப்புக்குச்சியால் பதில் சொல்ல முடியாது.

வீடு முடிந்து காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு நேர்முகப் பரீட்சைக்கு நான் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. நாவற்குடாக்காரர் வீடு பார்க்க வரும் நாள் காலையில் பஸ்ஸால் வந்திறங்கினேன். படலையைத் திறந்ததும் முன் சுவர் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. அப்பா ஒரு மேசனைப் பிடித்து முன்பக்கம் முழுக்கச் சீமெந்து பூசியிருந்தார். கல் அடுக்கியது போலக் கோடும் கீறியிருந்தார்கள். அப்பா என் கண்ணைப் பார்க்கவில்லை. "கலியாணம் முடியட்டும் புள்ள. பேந்து என்னெண்டாலும் செய்வம்." "மாரி வருது அப்பா." "ஒரு மாரிதானே!" ஒரு மாரி போதும். அவருக்கும் தெரியும். எங்கள் வளவில் நடந்த செயலமர்வில் அவரும்தானே எங்களோடு மண் மிதித்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை, தாங்க முடியாமல் இருந்தது. மகளைக் கொடுக்கிற தகப்பன் வாசலில் நின்று எதைக் காட்டுவான் என்பதுதான் எங்கள் ஊரில் அவனுக்கு இருக்கும் முகம்.

அவர்கள் வந்தார்கள். மாமி, மாமா, தரகர், பின்னால் உன் அப்பா. மாமி வாசலில் நின்றே சுவரைத் தட்டினா. "ம், நல்ல கெட்டி." பிறகு பக்கச் சுவரைத் தட்டினா. "இதென்ன, வேற சத்தமா இரிக்கு?" தரகர், "அது புதுமாதிரிக் கல்லு" என்றார். அப்பா வேட்டியைச் சரிசெய்தார். அம்மா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றா. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சரி சொன்னார்கள் என்றால் அவ போகத் தேவையில்லை. ஆனால் முன் சுவர் அழுகிய அடுத்த வருசம் எல்லோரும் சேர்ந்து, வைக்கோல் வீடு என்றால் இப்படித்தான் என்பார்கள். அப்போது யார் பிளேன் ஏறுவது?

"அது கல்லில்ல மாமி. வைக்கல்" என்றேன்.

என் குரல்தான் அது. எனக்கே அந்நியமாகக் கேட்டது. "எல்லாச் சுவரும் வைக்கல்தான். இதுக்குச் சீமெந்து ஒத்துவராது. நான் எடுக்கப்போறன்." கிணற்றடியில் அப்பா அத்திவாரம் வெட்டிய இரும்பு அலவாங்கு கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. நான் செய்வேன் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லை. சீமெந்து இன்னும் முழுதாக இறுகியிருக்கவில்லை. தகடு தகடாகக் கழன்று விழுந்தது. உள்ளே மண் ஈரமாக இருந்தது. மண்ணுக்குப் பின்னால் வைக்கோல், அந்த வெயில் மணத்தோடு அப்படியே இருந்தது. மாமி சேலையைத் தூசி படாமல் தூக்கிக்கொண்டா. "என்ட மகன வைக்கல் கும்பிக்குள்ள படுக்க விட நான் பெறல்ல" என்று சொல்லிவிட்டுப் படலையைப் பார்த்து நடந்தா. உன் அப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் பின்னால் போனார். நீ அவரை நல்ல மனிதராக அறிந்திருப்பாய். அவர் நல்லவர்தான். அந்த மௌனத்தை மட்டும் நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

அப்பா அன்று முழுக்க வாவிக் கரையில் போய் இருந்துவிட்டார். நான் அழவில்லை. அலவாங்கைக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு வந்து, விழுந்த சீமெந்துத் துண்டுகளை இரும்புத் தாச்சியில் அள்ளினா. நான், "நீங்க போங்கம்மா. இனிப் போகத்தானே வேணும்" என்றேன். கசப்பில் வந்த சொல். அம்மா நிமிர்ந்தா. "நான் எங்க போற? நான் கட்டித் தாற வீடு வேணாமெண்டு நீயே கட்டிட்டாய். இனி நான் ஆருக்குப் போற?" பிறகு சேலையை இடுப்பில் செருகினா. "புத்துமண் எங்க கிடக்கு? மழைக்கு முதல் பூசுவம், வா புள்ள." அந்த வாரமே ஏஜென்சிக்குப் போய்க் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தா. அன்று தொடக்கம் என் அம்மா எங்கும் போகவில்லை.

மாரி வந்தது. வெள்ளம் வளவுக்குள் ஏறி அத்திவாரக் கல்லில் பாதிவரை நின்றது. நாங்கள் உள்ளே இருந்தோம், சுவர் ஊறவில்லை. மழை விட்டபின் வேறொரு ஊரில் அடுத்த வீடு தொடங்கியபோது, மண் மிதிக்க வந்தவர்களில் உன் அப்பாவும் நின்றார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்திருந்தார். றிஸ்னாவுக்கு எல்லாம் தெரியும். "என்ன தம்பி, படிக்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களா?" என்றா. "படிக்க" என்றார். "அப்ப மண்ணுக்க இறங்குங்க. பாக்கிறதெல்லாம் அலவாங்குக்காரியிட்டக் கேட்டிட்டுத்தான்." அந்த வீடு முடியும்வரை நான் அவரோடு ஒரு சொல் பேசவில்லை. அவரும் அதற்குள் நன்றாகப் பூசப் பழகிவிட்டார். மிச்சத்தை அவரிடம் கேள். அவர் கூட்டிச் சொல்வார், அதில் பாதியைக் கழித்துவிடு.

இனிப் போன ஞாயிறு. மாமி கட்டாரைச் சொல்லி, உன் அப்பா முகட்டைப் பார்த்தபோது நான் சொன்னது இதுதான்: "மாமி, இவள்ட வீட்டுக்காக இந்தக் குடும்பத்துல ஒருத்தரும் பிளேன் ஏறமாட்டாங்க. இவர் போறதெண்டா உழைக்கப் போகட்டும், ஊர் பாக்கப் போகட்டும். மகளுக்குச் சுவர் வைக்கப் போறன் எண்டு இந்தப் படலையால வெளியே போக ஏலா." மாமி, "நாளைக்கு இவளை ஆர் எடுப்பாங்க?" என்று கேட்டா. "எடுக்கிறதுக்கு இவள் சாமானா மாமி?" என்றேன். உன் அப்பா முகட்டிலிருந்து கண்ணை இறக்கி, "அம்மா, நான் போகல்ல" என்றார். இந்த முறை வாய் திறந்தார். மாமி இரண்டு கிழமைக்கு வரமாட்டா. பிறகு வருவா, உனக்குச் சட்டை கொண்டுவருவா. அவவோடு கோபித்துக்கொள்ளாதே. அவவின் வீட்டுக்காக அவவின் தகப்பன் என்ன விற்றார் என்று ஒரு நாள் கேட்டுப் பார்.

இந்த வீடு உனக்குத்தான். ஆனால் சீதனம் அல்ல. நீ கல்யாணம் செய்தாலும் செய்யாவிட்டாலும், யாரைச் செய்தாலும், இது உன்னுடையது. பிடிக்கவில்லை என்றால் இடித்துவிட்டு வேறு கட்டு. வைக்கோல் மண்ணோடு மண்ணாகும், நீ யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. தம்பியோ தங்கச்சியோ உனக்குப் பிறந்தால் அவர்களுக்கும் மண் மிதிக்கப் பழக்குவேன். ஒரு பெண்ணின் வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழைகிற ஆண்பிள்ளையை நான் வளர்க்கமாட்டேன்.

நீ எங்கும் போ மகள். படிக்கப் போ, வேலைக்குப் போ, பிடித்தவர்களோடு போ, கடல் தாண்டிப் போ. திரும்பி வராவிட்டாலும் நான் படலையில் நின்று அழமாட்டேன். சுவருக்காக மட்டும் போகாதே. அதை நான் கட்டிவிட்டேன்.

அம்மா